ஏரியா தெரியட்டும், வாசல் தெரிய வேண்டாம்: வடசென்னைப் பிள்ளைகள் வீடியோ போட ஒரு முழு வழிகாட்டி

வியாசர்பாடியில் பந்தாட்டம், ராயபுரத்தில் பாக்ஸிங் பயிற்சி, காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம், மொட்டை மாடியில் டோலக்கோடு ஒரு கானா. இதையெல்லாம் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளே படம் பிடித்து, வெட்டி, ஒட்டி, போட்டுவிடுகிறார்கள். இந்த வேலையை நிறுத்தச் சொல்ல இந்த வழிகாட்டி எழுதப்படவில்லை. நன்றாகச் செய்யுங்கள். ஆனால் வடசென்னையின் வீடுகள் நெருக்கமானவை. ஒரு சந்தின் சுவரையும் ஒரு மாடிப்படியையும் பார்த்தே 'இது இன்ன பிளாக்' என்று சொல்லிவிடும் ஆட்கள் இங்கே நிறைய. அதனால் 'முகவரி போடாதே' என்ற பொது அறிவுரை இங்கே போதாது. ஏரியா பெயரைப் பெருமையாகச் சொல்லலாம். வீட்டு வாசலும், அங்கே நீங்கள் எந்த நேரத்தில் இருப்பீர்கள் என்பதும்தான் தெரியக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

கணக்கு: உண்மையான வயது, உங்கள் கையில் இருக்கும் எண்

இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. பலர் பிறந்த வருடத்தை 2000 என்று போட்டுவிடுகிறார்கள். அதனால் வரும் நஷ்டம் பெரிது. 18 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால் இன்ஸ்டாகிராம் அந்தக் கணக்கை 'டீன் அக்கவுண்ட்' ஆக்கிவிடும். கணக்கு பூட்டியே இருக்கும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, கண்டவர் டேக் செய்ய முடியாது. 16 வயதுக்குக் கீழ் என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இந்தியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து இது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. யூடியூபில் 2025 ஜூலை முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் தனியாக லைவ் போக முடியாது. பொய் வயது போட்டால் இந்தப் பூட்டு எதுவும் உங்களுக்கு விழாது. பெரிய ஆளுக்கு வரும் குப்பை மெசேஜ்கள் எல்லாம் உங்களுக்கும் வரும்.

'பூட்டி வைத்தால் வியூஸ் எப்படி வரும்?' என்பது நியாயமான கேள்விதான். இரண்டு கணக்கு வைத்துக்கொள்வதே சரியான வழி. டீமின் பெயரில், கானா குழுவின் பெயரில், அல்லது நடனக் குழுவின் பெயரில் ஒரு பொதுக் கணக்கு. அதன் பாஸ்வேர்டு பயிற்சியாளரிடமோ, வீட்டில் நம்பிக்கையான அக்கா, அண்ணனிடமோ இருக்கட்டும். அதற்கு வரும் மெசேஜைப் பிள்ளைகள் தனியாகப் பார்க்க வேண்டாம். சொந்தக் கணக்கு பூட்டியபடியே இருக்கட்டும், தெரிந்தவர்களுக்கு மட்டும். பொதுக் கணக்கில் உங்கள் சொந்தக் கணக்கை டேக் செய்துவிட்டால் இரண்டு வைத்திருந்தும் பயனில்லை.

அடுத்தது சிம். மாமா பெயரில் வாங்கிய சிம், அண்ணன் பழைய நம்பர், எப்போதோ ரீசார்ஜ் நிறுத்திய நம்பர் என்று கணக்கைத் தொடங்கி மறந்துவிடுவார்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். அவருக்கு உங்கள் ஓடிபி போய்ச் சேரும். கணக்கோடு எந்த எண், எந்த ஈமெயில் இணைந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள், கையில் இல்லாததை நீக்குங்கள். பிறகு இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும்படி. எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே கோடு உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் உறுதியானது, ஏனென்றால் சிம் கைமாறினாலும் அது கைமாறாது. அப்போது தரும் பேக்கப் கோடுகளை போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு பீரோவில் வையுங்கள்.

போன் உடைந்து பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ தெருமுனைக் கடையிலோ கொடுக்கும்போது 'பேட்டர்ன் போட்டுக் குடு' என்று கேட்பார்கள். சாம்சங்கில் 'மெயின்டெனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் கேலரியும் ஆப்களும் கண்ணில் படாது. அது இல்லாத போனில் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி, முடிந்தால் வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். திரையே வேலை செய்யாவிட்டால், கடையில் உட்கார்ந்து கண்ணெதிரே மாற்றச் சொல்லி வாங்கி வருவதுதான் வழி.

ஃபிரேமுக்குள் என்ன இருக்கிறது

படம் பிடிக்கும் முன் ஒரு முறை கேமராவைச் சுற்றிக் காட்டி, ஆள் இல்லாமல் பத்து நொடி எடுத்துப் பாருங்கள். முகம் இருந்தால் கண் முகத்துக்கே போகும். ஆள் இல்லாத படத்தில்தான் சுவர் பேசுவது தெரியும்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் சுவரில் பெயின்ட் அடித்த பிளாக் எண் இருக்கும். பின்னணியில் அது வந்தால் மாடியும் கதவும் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். மாநகராட்சியின் தெருப் பெயர்ப் பலகை, கதவெண் தகடு, ஈபி மீட்டர் பெட்டியில் எழுதிய எண், வாசலில் நிற்கும் பைக்கின் நம்பர் பிளேட், கேஸ் சிலிண்டர் ரசீது, கூரியர் கவர் எல்லாம் இதே வகை. பள்ளிச் சீருடையும் ஐடி கார்டும் தனி ஆபத்து. அடையாள அட்டையில் பெயர், வகுப்பு, ரத்த வகை, அப்பாவின் போன் எண் வரை இருக்கும், இப்போதைய போன் கேமராவில் நிறுத்திப் பெரிதாக்கினால் படித்துவிடலாம். யூனிஃபார்மில் ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். ஆண்டு விழா நடனம் போன்றதைப் போட்டே ஆக வேண்டும் என்றால் பேட்ஜை மறையுங்கள், பள்ளியின் பக்கத்தில் வந்த பிறகு பகிருங்கள்.

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை அழகான பின்னணிதான். கொருக்குப்பேட்டை, வ.உ.சி. நகர், விம்கோ நகர் என்று ஒரு தடவை வந்தால் பாதகமில்லை. தினமும் காலை ஏழரைக்கு அதே நடைமேடையில் எடுத்துப் போட்டால், உங்களை எங்கே எப்போது பிடிக்கலாம் என்பதை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். டியூஷன் வாசல், பஸ் ஸ்டாப், மாலை ஆறு மணி மைதானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு வீடியோவை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கடைசி இருபது வீடியோக்களை ஒரே மூச்சில், உங்களைத் தெரியாத ஆளின் கண்ணோடு பாருங்கள். வீடு எந்தப் பக்கம், வீட்டில் யார் யார், எப்போது ஆளில்லை என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் காட்டிக்கொடுக்கும் வீடியோக்களை, உங்களுக்கு மட்டும் தெரியும் ஆர்கைவில் போடுங்கள்.

ஒலியையும் கேளுங்கள். பின்னால் அம்மா முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ரயில் அறிவிப்பு, கடைக்காரர் போன் நம்பரைச் சத்தமாகச் சொல்வது எல்லாம் பதிவாகும். பாட்டு போட்டு மூடினாலும் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தால் அடியில் கேட்கும். ஒரிஜினல் ஆடியோவை முழுக்கப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோங்கள். பைக் கண்ணாடி, கூலிங் கிளாஸ், பீரோ கண்ணாடி, டிவி திரை ஆகியவற்றில் பிரதிபலிப்பும் பாருங்கள். உடை மாற்றும் அறையில், குளியலறைக் கண்ணாடி முன் எடுப்பதில் நடக்கும் பெரும்பாலான விபரீதம், பின்னால் இருந்த இன்னொருவர் தெரிவதுதான்.

மறைக்க வேண்டியதை மெல்லிய ப்ளரில் மறைக்காதீர்கள். எழுத்தின் வடிவம் தெரிந்தால் படித்துவிடுவார்கள். இன்ஷாட், விஎன் போன்ற ஆப்களில் முழுக் கறுப்புக் கட்டமோ ஒளி புகாத ஸ்டிக்கரோ வைத்து, ஆள் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும்படி கீஃபிரேம் (எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்ற குறி) போடுங்கள். ஏற்றுவதற்கு முன் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், மறைக்காமல் இரண்டு ஃபிரேம் விட்டுப் போனாலும் காட்டிக்கொடுக்க அது போதும். டெலிகிராமில் கிடைக்கும் 'பிரீமியம் அன்லாக்' ஏபிகேயில் (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப் ஃபைல்) எடிட் செய்ய வேண்டாம். கேலரி முழுவதையும் திறந்துவிடும் அனுமதியை அதற்கு நீங்களே கொடுக்கிறீர்கள்.

ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் இடம்

போன் கேமராவில் 'லொகேஷன் டேக்ஸ்' அல்லது 'சேவ் லொகேஷன்' இயங்கினால், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு வீடியோ ஃபைலுக்குள் எழுதப்படும். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் பார்ப்பவருக்கு அது போவதில்லை, ஏனென்றால் அவை வீடியோவை மறுபடி சுருக்குகின்றன. ஆனால் 'குவாலிட்டி குறையுது, டாக்குமென்ட்டா அனுப்பு மச்சான்' என்று நண்பன் கேட்டு, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவோ டெலிகிராமில் ஃபைலாகவோ டிரைவ் லிங்க்காகவோ அனுப்பினால் ஒரிஜினல் அப்படியே போகும், வீட்டின் இடத்தோடு. எடிட்டருக்கு அனுப்பும்போது நடப்பது இதுதான். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் 'ஆப்ஷன்ஸ்' தொட்டு லொகேஷனை எடுக்கலாம். ஸ்னாப்சாட்டில் மேப்பை, நீங்கள் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாத 'கோஸ்ட் மோட்'டில் வையுங்கள். இன்ஸ்டாகிராமிலும் மேப் வந்திருந்தால் யாருக்கும் காட்டாதபடி வையுங்கள்.

போடும் நேரமும் பூட்டுகளும்

இருக்கும் இடத்திலிருந்தே போடாதீர்கள். எண்ணூர் கடற்கரையில் எடுத்தால் வீடு வந்து சேர்ந்த பிறகு போடுங்கள். தண்டையார்பேட்டையில் தேர்த் திருவிழா என்றால் மறுநாள். லைவ் இந்த விதிக்கு ஒத்துவராது, அதனால் லைவ் என்றால் மூடிய அரங்கில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

டவுன்லோடு, ரீமிக்ஸ் இரண்டையும் அணையுங்கள். உங்கள் நடனத்தின் பக்கத்தில் வேறு எவனோ அசிங்கம் பேசும் வீடியோ வருவது ரீமிக்ஸ் வழியாகத்தான். குறிப்பிட்ட சொல் வந்தால் கமென்ட்டை மறைக்கும் 'ஹிட்டன் வேர்ட்ஸ்' பட்டியலில் தமிழ் வசவுகளைச் சேர்க்கும்போது தமிழ் எழுத்தில் மட்டும் போட்டால் பயனில்லை. ஆங்கில எழுத்தில் ஒரே வசவை நாலைந்து விதமாக அடிப்பார்கள், அத்தனையையும் சேருங்கள். உங்கள் ஏரியா பெயர், பள்ளிப் பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் ஆகியவற்றையும் அதே பட்டியலில் போடுங்கள். 'நீ அந்த ஸ்கூல்தானே' என்று கமென்ட் போட்டு உண்மையைக் கறப்பது பழைய தந்திரம்.

யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்றால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம், 'பிரைவேட்' என்றால் நீங்கள் சேர்த்தவர் மட்டும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறையும் என்பதும், ஒருமுறை மட்டும் பார்க்கும் மெசேஜ் அழிந்துவிடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்தால் எந்த ஆப்பும் சொல்லாது.

கூட இருப்பவர்களும் சட்டமும்

அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும் அக்காவையும், தெருவில் ஓடும் சின்னக் குழந்தைகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள். சாவு ஊர்வலத்தில் ஆடுவதை எடுத்தால் இழவு வீட்டாரிடம் அனுமதி வாங்கிய பிறகே போடுங்கள். பள்ளிச் சண்டை வீடியோவைப் பகிர வேண்டாம். வழக்கில் சிக்கிய சிறுவரின், பாதிக்கப்பட்ட சிறுவரின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது.

பட்டாக்கத்தியில் கேக் வெட்டும் வீடியோ போட்டவர்கள் கைதாவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. அந்த வீடியோவேதான் சாட்சி. தண்டவாளத்தில் ஏறி ரீல்ஸ் எடுத்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. 18 வயதுக்குக் கீழ் பைக் ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் அப்பாவுக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மீன்பிடித் துறைமுகத்தின் தூண்டில் வளைவுக் கற்களில் பாசி பிடித்திருக்கும். அலை வரும்போது அங்கே கேமரா பார்த்து நிற்காதீர்கள்.

இன்பாக்ஸில் வருபவர்கள்

கொஞ்சம் வியூஸ் வந்ததும் இவர்கள் வருவார்கள். 'காப்பிரைட் புகார், 24 மணி நேரத்தில் கணக்கு போய்விடும், இந்த லிங்க்கில் உள்நுழையுங்கள்' என்பவர் பாஸ்வேர்டு திருடர். இன்ஸ்டாகிராம் டிஎம்மில் எச்சரிக்கை அனுப்பாது. அது அனுப்பிய ஈமெயில்களின் பட்டியல் ஆப்பின் செக்யூரிட்டி அமைப்பிலேயே இருக்கும், அங்கே பாருங்கள். 'போட்டியில் இருக்கேன், ஓட்டு போடு, ஒரு கோட் வரும், அனுப்பு' என்று உங்கள் நண்பனின் கணக்கிலிருந்து வந்தால், நண்பனின் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது. வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'சீரியலுக்கு ஆடிஷன், ஒரு ஃபுல் பாடி வீடியோ அனுப்பு, வீட்டில் சொல்ல வேண்டாம்' என்பது மிக மோசமானது. உண்மையான தேர்வு, குழந்தை என்றால் பெற்றோரோடு பேசும். வீட்டில் மறைக்கச் சொன்னதுமே பேச்சை நிறுத்திவிடுங்கள். அடுத்து, அழகான பெண்ணின் படத்தோடு ஒரு கணக்கு, இரண்டு நாள் பேச்சு, பிறகு வீடியோ கால். எதிரே ஓடுவது முன்பே பதிவான வீடியோ. உங்களை உடை கழற்றச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, ஐந்து நிமிடத்தில் உங்கள் ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டோடு பணம் கேட்பார்கள். பையன்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள், வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. உடை கழற்றிய வீடியோ இல்லாமலே, உங்கள் ரீல்ஸிலிருந்து முகத்தை எடுத்து மார்ஃப் செய்தும் மிரட்டுவார்கள். அதற்கும் வழி கீழே உள்ளதுதான்.

மிரட்டல் வந்தால் முதல் ஒரு மணி நேரம்

1. பணம் கொடுக்காதீர்கள். கொடுத்த கை இன்னும் கொடுக்கும் என்று தெரிந்ததும் தொகை ஏறும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

2. எதையும் அழிக்காதீர்கள், உடனே பிளாக்கும் செய்யாதீர்கள். முதலில் மிரட்டிய மெசேஜ், அவருடைய யூசர்நேம், புரொஃபைல் லிங்க், கேட்ட யுபிஐ ஐடி, போன் எண், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை மாற்றிவிடுவார்கள், அதனால் லிங்க்கைக் கட்டாயம் காப்பி செய்யுங்கள். பிறகு ரிப்போர்ட், அதன் பிறகு பிளாக்.

3. ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால் இப்படி: 'அம்மா, ஒருத்தன் என்ன மிரட்டுறான். தப்பு பண்ணிட்டேன்னு அப்புறம் திட்டு, இப்ப கூட இரு.' அம்மாவிடம் முடியாவிட்டால் சித்தி, பயிற்சியாளர், டீச்சர். பாலியல் குற்றம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மேல் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. டீச்சருக்கும் அது பொருந்தும்.

4. அந்தரங்க வீடியோவை 'ஆதாரம்' என்று யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள். நண்பனுக்கும் வேண்டாம், ஏரியா அண்ணனுக்கும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் ஆபாசப் படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யில் குற்றம். உதவ நினைத்தவரும் சிக்குவார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கோபத்தில் போனை உடைக்காதீர்கள். வழக்குக்கு அதுதான் சாட்சி. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், சாவதைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவிக்கு 1098.

வீடியோ பரவிவிடும் என்ற பயம் இருந்தால், படத்தில் இருந்தபோது உங்களுக்கு 18 ஆகவில்லை என்றால் 'டேக் இட் டவுன்' சேவை, 18 கடந்திருந்தால் 'ஸ்டாப் என்சிஐஐ'. இரண்டும் இலவசம். வீடியோவை அங்கே ஏற்றுவதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு ரேகை எண் கணக்கிடப்பட்டு அது மட்டும் போகும், சேர்ந்திருக்கும் தளங்கள் அதே ரேகை வந்தால் தடுக்கும். வீடியோவை வெட்டி மாற்றியிருந்தால் ரேகை மாறிவிடும், அந்தப் பிரதிக்கும் தனியாகப் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் இது எட்டாது.

புகாரை cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் போடலாம். அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரும் வசதி உண்டு. ஆனால் வழக்காக நகர வேண்டுமென்றால் பெயரோடு கொடுப்பதே பலம். நேரில் என்றால் பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ உங்கள் ஸ்டேஷனிலோ கொடுங்கள். வடசென்னையில் ஒரு தெரு தள்ளினால் ஸ்டேஷன் எல்லை மாறிவிடும். 'இது எங்க லிமிட் இல்ல' என்று சொன்னால், ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் முதல் தகவல் அறிக்கை) போடச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. போக்சோ 24-வது பிரிவின்படி வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்ஐ, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ பிள்ளை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம்.

தளத்தில் ரிப்போர்ட் செய்தும் வீடியோ நீங்கவில்லையா? அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு லிங்க்கோடு எழுதுங்கள். நிர்வாணம், அந்தரங்கம், மார்ஃப் செய்த படம் என்றால், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பாக ஒருவரோ புகார் கொடுத்ததும் நீக்க, 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் முதலில் 24 மணி நேரம் கெடு தந்தன; 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்தது. எழுதும்போது 'என் வீடியோ' என்று மட்டும் எழுதாமல், 'நான் 18 வயதுக்குக் கீழ், என் சம்மதமின்றி ஏற்றப்பட்டது' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், போலீஸ் புகார் எண் இருந்தால் அதையும் சேருங்கள். அவர்கள் பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.